பாட்டனாரின் பொய்கள்

தமிழிலே 'பெயரன்' என்னும் சொல் பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருளிலே பிறந்தது என்பர். பெயரைக் கொடுப்பவர் பாட்டன், பெறுபவன் பெயரன், நடுவிலே நிற்கும் தாயும் தந்தையும் இக்கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சிகள் மாத்திரமே. தந்தைக்கும் மகனுக்கும் இடையே கடமை உண்டு, கண்டிப்பு உண்டு, பரீட்சைப் பெறுபேறுகள் உண்டு. பாட்டனுக்கும் பெயரனுக்கும் இடையே இவை எவையும் இல்லை. அதனாலேதான் போலும், குழந்தைகள் பலரும் தமது முதற் கூட்டாளியைப் பாட்டன் வடிவிலே கண்டிருக்கின்றனர். எனினும், நமது இலக்கிய மரபு பாட்டனை அதிகம் பொருட்படுத்திற்று என்று சொல்வதற்கில்லை. வேந்தர் மாண்டபோதும் வள்ளல்கள் மாண்டபோதும் கையறுநிலை பாடுதற்குப் புலவர்கள் இருந்தனர். பாரிக்குக் கபிலர் இருந்தார். அதியமானுக்கு ஔவையார் இருந்தார். விறாந்தையிலே சாய்மனைக் கதிரையிற் கிடந்து, அயலிலுள்ள பிள்ளைகளையெல்லாம் சிரிக்க வைத்துவிட்டு ஒருநாள் இறந்துபோன கிழவருக்குக் கையறுநிலை பாடியோர் அரியர்.

திருகோணமலையிலே, உட்துறைமுகத்துக்கு அணித்தாக, அத்தகைய கிழவர் ஒருவர் வாழ்ந்தார். அவர் 1914ஆம் ஆண்டிலே பிறந்தவர். இருபத்திரண்டாம் வயதிலே பிரித்தானியக் கடற்படையின் டொக்யார்ட்டிலே தொழிலாளியாகச் சேர்ந்து, கயிறு இழுப்பதில் தொடங்கிப் பிற்றர் வேலைவரை கற்றுக்கொண்டவர். 1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே அத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது, அங்கு உழைத்த பலரைப் போலவே அவரும் வேலையிழந்தார். அதன்பின் வீட்டின் முன்புறத்திலே ஒரு தட்டியைக் கட்டி, மீனவர்கள் இரவுத் தொழிலுக்குக் கொண்டுசெல்லும் பெற்றோமக்ஸ் விளக்குகளைத் திருத்திக் கொடுத்துச் சீவியம் நடத்தினார். அவர் வேலையிழந்த அதே ஆண்டிலே அவருடைய மூத்த மகளுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அக்குழந்தைக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். "துரைமார் போன கையோடை இவன் வந்தான். ஒரு சம்பளம் போச்சுது, ஒரு பேர் வந்துது" என்று அவர் சொல்வது வழக்கம்.

அவரிடத்தே ஒரு வித்தை இருந்தது. இடது காதை மாத்திரம் தனியே அசைக்க வல்லவர் அவர். முகத்தின் வேறெந்தப் பகுதியும் அசையாது. காது மட்டும் கன்றின் காதுபோல ஒருமுறை ஆடி நிற்கும். பொய் சொல்லும்போது அக்காது தானாகவே ஆடிவிடுகின்றதென்றும், அதைத் தம்மாற் கட்டுப்படுத்த முடியவில்லையென்றும் அவர் பிள்ளைகளிடம் மிகுந்த கவலையோடு கூறிவைத்திருந்தார். ஆகவே, அவர் கதை சொல்லும்போது பிள்ளைகள் அவருடைய வாயைப் பார்ப்பதில்லை, காதையே பார்த்துக்கொண்டிருப்பர். கதை நடுவே காது ஆடியதும் "பொய்! பொய்!" என்று பெருங்கூச்சல் எழும். அவரும் கையுங் களவுமாகப் பிடிபட்ட கள்வன்போலத் தலைகுனிவார். வீட்டிலே இவ்விளையாட்டுக்கு ஓய்வே இல்லை.

பொய்களுக்குத் திருகோணமலையிலே பஞ்சமில்லை; அவற்றை நட்டு வளர்ப்பதற்கு ஏற்ற நிலம் அது. கோட்டைக்குள் நுழைந்தால் புள்ளிமான்கள் நிற்கும். சில வேளைகளில் அவை வெளியே வந்து வீதிகளிலும் உலாவும். பாட்டனார் ஒவ்வொரு மானையும் பழைய துரைமாரின் பதவிப் பெயர் சொல்லி அழைத்து, சால்வையை அரையிற் கட்டிக்கொண்டு காலை வணக்கம் சொல்லுவார். "அந்தக் கொம்பன்தான் கொமாண்டர். சீமைக்குப் போக மனமில்லாமல் மானாய்ப் பிறந்து நிக்கிறார்" என்பார். காது ஆடும். சுவாமி மலையின் உச்சியிலே இராவணன் வெட்டைக் காட்டி, மலையை வெட்டிய அவ்வாள் டொக்யார்ட் பண்டசாலையிலிருந்து இரவலாகப் பெறப்பட்டதென்றும், திருப்பிக் கொடுக்கப்படாமையால் பண்டசாலைக் கிளாக்கர் இன்னும் பதிவேட்டை மூடவில்லையென்றும் கூறுவார். காது மீண்டும் ஆடும்.

அம்மலையிலே ஒரு கற்றூண் நிற்கின்றது. ஒல்லாந்தர் காலத்து எழுத்துக்கள் அதிலே பொறிக்கப்பட்டுள்ளன. பிரான்சினா வான் ரீட் என்னும் ஒல்லாந்த நங்கை, தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனை எண்ணி 1687ஆம் ஆண்டிலே அம்மலையிலிருந்து கடலிற் பாய்ந்து உயிர்துறந்தாள் என்றும், அவளுக்காக எழுப்பப்பட்டதே அத்தூண் என்றும் கதை வழங்குகின்றது. ஆசிரியர்கள் மாணாக்கரை அங்கு அழைத்துச் சென்று அதனைச் சரித்திரமாகவே கற்பித்தார்கள். பாட்டனார் மட்டும் அத்தூணின் முன்னே நின்று, "அவள் குதிக்கேல்லைப் பிள்ளையள். விளிம்பு மட்டும் வந்தவள்தான். அடுப்பிலை கறி வைச்சிட்டு வந்தது நினைவு வர, வீட்டை திரும்பிப் போட்டாள்" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்நங்கை அதற்குப் பல ஆண்டுகளின் பின்னரும் உயிரோடிருந்து மறுமணம் புரிந்தாள் என்பதற்கு ஒல்லாந்தரின் ஆவணங்களிலேயே சான்று உண்டு. கல்லிற் பொறித்தது என்பதற்காக ஒரு செய்தி மெய்யாகிவிடுவதுமில்லை. காது ஆடியது என்பதற்காகப் பொய்யாகிவிடுவதுமில்லை. ஆனால், அக்காலத்தில் அப்பிள்ளைகள் இதனை எவ்வாறு அறிவர்?

போரைப் பற்றியும் அவர் கதைகள் சொன்னார். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி காலையிலே யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. கொழும்பு தாக்கப்பட்டு நான்கு நாள்களே கழிந்திருந்தன. துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. துறைமுகத்திலிருந்து வெளியேறிச் சென்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களுள் ஒன்றின்மீது விமானமொன்று மோதியதென்றும், அக்குதம் ஏழு நாள் எரிந்ததென்றும் கூறுவர். இவ்வளவு பெருந்துயரையும் பாட்டனார் ஒரு கூத்தாகவே நடித்துக் காட்டுவார். குண்டு விழுந்ததும் அவர் பெரியதொரு கயிற்றுச் சுருளுக்குள் ஒளிக்கப் பாய்ந்தாராம். அங்கே முன்னதாகவே ஒரு வெள்ளைத்துரை ஒளித்திருந்தாராம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து 'குட்மோர்ணிங்' சொல்லிக்கொண்டார்களாம். குதம் எரிந்த ஏழிரவும் ஊரிலே விளக்குக் கொளுத்துவாரில்லை. அவ்வெளிச்சத்திலே தாம் பத்திரிகை வாசித்ததாகவும் சொல்லுவார். அன்று துறைமுகத்தில் உயிரிழந்தோர் பலர். அவர்களுள் அவரோடு கயிறு இழுத்தவர்களும் இருந்திருப்பர். அவர்களைப் பற்றி மட்டும் அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. விளையாட்டாகப் பேசுபவர்களைக் கவனிக்கும்போது, அவர்கள் எதைச் சொல்லாது விடுகின்றார்கள் என்பதையும் கவனித்தல் வேண்டும் போலும்.

அவருடைய கதைகளுள் தலைசிறந்தது தொட்டிக் கதை. அது சொல்லப்படுவதற்கு முன் சில பொருள்கள் தேவைப்படும்: ஒரு வாளி தண்ணீர், ஒரு வெறும் மீன்ரின், ஒரு சிரட்டை, ஒரு பிடி குறுணிக்கல். மீன்ரின்னின் இரு முனைகளிலும் ஆணியால் ஓட்டை குத்தி, அவற்றை மெழுகினால் அடைத்து வைத்திருப்பார். பிள்ளைகள் வாளியைச் சுற்றிக் குந்தியிருப்பர்.

"எங்கடை துறைமுகத்துக்கு ஒரு தொட்டி வந்துது. இரும்புத் தொட்டி. கடலிலை மிதக்கிற தொட்டி. கப்பலுக்கு வருத்தம் வந்தால் கப்பல் அதுக்குள்ளை போய்ப் படுக்கும். தொட்டி முதலிலை தண்ணியைக் குடிச்சுத் தாழும். கப்பல் உள்ளுக்கு வந்ததும், குடிச்ச தண்ணியைத் துப்பித் துப்பி எழும்பும். கப்பலையும் தூக்கிக்கொண்டு எழும்பும்" என்று தொடங்குவார். ஒருநாள் மிகப்பெரிய போர்க்கப்பல் ஒன்று அத்தொட்டிக்குள் வந்ததாம். "அந்தக் கப்பலும் நானும் ஒரே வயது" என்று இடையிலே ஒரு வார்த்தை சொல்லுவார். கப்பலின் வயிறு நிறைய வெடிமருந்து. தொட்டியின் தண்ணீரை எந்த அறையிலிருந்து முதலில் இறைப்பது என்பதிலே தவறு நேர்ந்துவிட்டது. "பனை முறியிற மாதிரி ஒரு சத்தம். தொட்டியின்ரை முள்ளந்தண்டு முறிஞ்சுது!" அவ்வேளையிலே மீன்ரின்னின் முனைகளிலுள்ள மெழுகைக் குச்சியாற் குத்தி நீக்குவார். ரின் தண்ணீர் குடித்துக் குடித்துத் தாழும். குறுணிக்கல் சுமந்த சிரட்டை ஒருமுறை தள்ளாடி, பின்பு தனியே மிதந்து நிற்கும். "தொட்டி தாண்டுது. கப்பல் வாலை மட்டும் முறிச்சுக்கொண்டு தப்பிச்சுது!" பிள்ளைகள் கைகொட்டி ஆர்ப்பரிப்பார்கள். இக்கதை சொல்லும்போது மாத்திரம் காது ஆடுவதில்லை. கதையின் சுவையிலே அதனை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பெயரன் வளர்ந்தான். கல்லூரியிலே விஞ்ஞானம் கற்றான். ஆக்கிமிடீசின் தத்துவத்தைக் கற்றுக்கொண்ட பதினான்கு வயதுச் சிறுவனுக்கு, உலகத்தின் எல்லாப் பொருள்களும் ஒன்றில் மிதப்பனவாகவோ ஒன்றில் அமிழ்வனவாகவோ மட்டுமே தெரியும். 1972ஆம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு மறுநாள், உறவினர் சிலர் வீட்டுக்கு வந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் ஆசிரியர். ஒருவர் கச்சேரியிலே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர்களுடைய பிள்ளைகளுக்காகப் பாட்டனார் வாளியையும் மீன்ரின்னையும் எடுத்துவந்தார். கதை நடந்தது. ரின் தாழ்ந்தது. பிள்ளைகள் கைகொட்டினர். அப்பொழுது பெயரன் எழுந்து, பெரியவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படியாக, "இது பொய். கப்பலைச் சுமந்துகொண்டிருக்கிற தொட்டி தாண்டால் கப்பலும் தாழவேணும். அம்மப்பா சொல்லுறது எல்லாம் பொய்" என்றான். அத்துடன் நின்றானில்லை, மிதத்தல் விதியையும் எடுத்துச் சொன்னான். ஆசிரியர் அவனுடைய தோளிலே தட்டிக்கொடுத்தார். வந்தவர்கள் சிரித்தார்கள். பையனின் கெட்டித்தனத்துக்காகப் பாதி சிரித்தார்கள். கிழவரைப் பார்த்துப் பாதி சிரித்தார்கள்.

எல்லாரிலும் அதிகமாகச் சிரித்தவர் பாட்டனாரே. "தம்பி படிக்கிறவன். அவன் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும். நான் சொன்னது பொய்தான்" என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய இடது காது ஆடியது. பெயரன் அதைக் கண்டான். வழக்கமான குறும்பு என்று எண்ணிக்கொண்டான்.

அதன்பின் தொட்டிக் கதை சொல்லப்படவில்லை. மான்களின் கதையும் வாளின் கதையும் தொடர்ந்தன. வேறு புதுக் கதைகளும் வந்தன. விளையாட்டிலே ஒரு குறைவும் இருக்கவில்லை. பிற்பாடு பிறந்த பிள்ளைகள், மூத்தவர்கள் வாயிலாகக் கேள்விப்பட்டு, "தொட்டிக் கதை சொல்லுங்கோ" என்று கேட்டால், "அதைத் தம்பியட்டைக் கேளுங்கோ. அவனுக்குத்தான் கணக்குத் தெரியும்" என்று கூறி வேறொன்றைத் தொடங்கிவிடுவார். அச்சொல்லிலே கோபம் இருந்ததென்று சொல்ல முடியாது. கோபம் இருந்திருந்தால் அதனைத் தணிக்கவாவது வழியிருந்திருக்கும்.

அவர் மிகவும் விரும்பிய விளையாட்டு இன்னொன்று உண்டு. சாய்மனைக் கதிரையிலே திடீரென வாயைப் பிளந்து, கண்களை மேலே செருகி, செத்தவர்போலக் கிடப்பார். பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக வந்து அவருடைய உள்ளங்காலிலே கூச்சங்காட்டுவார்கள். எவ்வளவு நேரம் சென்றாலும் அசையமாட்டார். பிள்ளைகளின் சிரிப்பு அடங்கி, முகத்திலே இலேசாக அச்சம் படரும் அந்தக் கணத்திலே, பெரும் உறுமலோடு எழுந்து அவர்களைத் துரத்துவார். அம்மம்மா இவ்விளையாட்டை அறவே வெறுத்தார். "சாவை வைச்சு விளையாடாதேங்கோ" என்பார். "விளையாடிப் பழகினால்தானே வரேக்கை பயமிராது" என்பது அவருடைய மறுமொழி.

1979ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, பேராதனையிற் பொறியியல் பயின்றுகொண்டிருந்த பெயரனுக்குத் தந்தி வந்தது. அதனை வாசித்தபோது அவனுடைய மனத்திலே முதலிலே தோன்றியது துயரன்று; இது அம்மப்பாவின் வேலையாக இருக்குமோ என்னும் ஐயமே. தம்புள்ளை, அபரணை, கந்தளாய் என்று பஸ் ஒவ்வோர் ஊராகக் கடந்தபோதும் அவ்வையம் அவனை விட்டு முற்றாக நீங்கவில்லை. வீட்டுவாசலிலே கட்டியிருந்த வெள்ளைத் துணியைக் கண்டபோதும், உள்ளே போனால் அவர் உறுமிக்கொண்டு எழுவார் என்று எங்கோ ஒரு மூலையிலே எண்ணினான். அவ்வாறு எண்ணியவன் அவன் மட்டுமல்லன். பிரேதத்தைச் சுற்றிப் பெண்கள் ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தபோது, நான்கு வயதுப் பேத்தி ஒருத்தி அவர்களுக்கிடையே நுழைந்து, பாட்டனாரின் உள்ளங்காலிலே விரலால் மெல்லக் கூச்சங்காட்டினாள். ஒருமுறை, பின்பு இன்னொருமுறை. அதன்பின் தன் தாயைத் திரும்பிப் பார்த்தாள். ஒப்பாரி ஒரு கணம் நின்றது.

திருகோணமலைச் சைவர் பலர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளைக் கன்னியாவிலே செய்வது பழைய வழக்கம். நகரிலிருந்து அநுராதபுரம் செல்லும் பாதையில், ஐந்து மைல் அளவிலே, ஏழு சிறு வெந்நீர்க் கிணறுகள் அங்கே உள்ளன. ஒரு கிணற்றின் சூட்டுக்கும் மற்றொன்றின் சூட்டுக்கும் சிறிது வேறுபாடு உண்டு. அவ்விடத்தின் உரிமை பற்றிப் பின்னாளில் எழுந்த பிணக்குகள் யாவரும் அறிந்தவையே. அவை இங்கு வேண்டா. கிணறுகள் தோன்றியமை பற்றிய புராணக் கதை பலவாறு வழங்கும். இராவணன் தன் தாயின் வழிபாட்டுக்காகக் கோணமலையைப் பெயர்க்க முயன்றபோது, திருமால் முதிய அந்தணராக வந்து, "உன் தாய் இறந்துவிட்டாள்" என்று பொய் சொன்னார். அவளுக்குக் கருமம் செய்வதற்காகவே அக்கிணறுகள் உண்டாயின என்பது ஒரு வழக்கு. அந்தணரின் ஊன்றுகோல் பட்டு நீர் சுரந்தது என்பர் சிலர். இராவணனின் வாள் பட்டது என்பர் வேறு சிலர்.

பாட்டனாருக்குக் கன்னியா மீது அளவற்ற பிரியம். "கடவுளே பொய் சொன்ன இடமடா இது! நான் ஒரு கிழவன், நாலு பொய் சொன்னால் என்ன?" என்பார். பிள்ளைகளைக் கூட்டிச் சென்று, சால்வையாற் கண்ணைக் கட்டி, தலையிலே தண்ணீர் வார்த்து, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்பார். ஏழிலும் சூடானதற்கு 'மாமியார் கிணறு' என்று பெயர். பிள்ளைகள் ஒருபோதும் சரியாகச் சொன்னதில்லை. ஏனெனில், சரியாகச் சொன்னாலும் அவர் ஒப்புக்கொள்வதில்லை.

அந்தியேட்டியன்று கிரியை முடிந்ததும் உறவினர்கள் கிணறுகளிலே நீராடினார்கள். பெயரன் கண்களை இறுக மூடிக்கொண்டு, பக்கத்தில் நின்ற மாமனிடம் ஏதாவதொரு கிணற்றிலிருந்து தண்ணீர் வார்க்கும்படி கேட்டான். மாமனுக்குக் காரணம் விளங்கவில்லை, ஆயினும் வார்த்தார். "மூன்றாவது" என்றான் அவன். "ஓம், மூன்றாவதுதான்" என்றார் மாமன். சரி என்று சொல்லிவிட்டபின் அவ்விளையாட்டிலே வேறொன்றும் எஞ்சியிருக்கவில்லை. இராவணனுக்குச் சொல்லப்பட்ட மரணச் செய்தி பொய். பேராதனைக்கு வந்த தந்தி மெய். அந்த வேறுபாடு அன்றைக்குத்தான் அவனுக்கு உடம்பிலே பட்டது. ஆடை ஈரமாக இருந்தமையால் அவன் அழுததை எவரும் அறிந்திலர்.

அவன் மீண்டும் பேராதனைக்குச் சென்றான். விடுமுறைக்குச் சில வாரங்களுக்கு முன், நூலகத்திலே, பாரம் தாங்கும் உத்திரங்கள் வளைந்து முறிவது பற்றிக் கட்டுரை எழுதுவதற்காகப் பழைய நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். பிரித்தானியப் போர்க்கப்பல்களைப் பற்றிய தடித்த நூலொன்று கைக்கு வந்தது. அதிலே 'வலியன்ற்' என்னும் கப்பலின் வரலாறு இருந்தது. 1914ஆம் ஆண்டிலே நீரில் இறக்கப்பட்டது. 1916இல் யூத்லாந்துக் கடற்போரிலே பங்குகொண்டது. 1941 டிசெம்பரில் அலெக்சாந்திரியாவிலே இத்தாலிய முக்குளிப்போர் வைத்த வெடியினாற் சேதமடைந்து மீண்டது. அடுத்த வரியிலே திருகோணமலை என்னும் பெயரைக் கண்டான்.

1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆந் திகதி, திருகோணமலைத் துறைமுகத்திலே, முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட அக்கப்பலைத் தாங்கி எழுந்துகொண்டிருந்த மிதக்கும் தொட்டி நடுவிலே முறிந்து மூழ்கியது. கப்பலின் பாரம் எங்கெங்கே அமைந்துள்ளது என்பதற்கு இசையாத ஒழுங்கிலே தொட்டியின் நீரறைகள் வெறுமையாக்கப்பட்டன. கப்பலிலே நிறைந்திருந்த வெடிமருந்து அப்பாரத்தை மேலும் கூட்டிற்று. முனைகளிலே தாங்கொணாத் தகைப்பு ஏற்பட்டது. ஆயினும், கப்பல் மூழ்கவில்லை. நீராவி ஆயத்தமாக இருந்தமையால் விலகித் தப்பிற்று. பின்புறத்துச் சுழலிகள் இரண்டும் சுக்கான் ஒன்றும் சிக்குண்டன.

முள்ளந்தண்டு முறிந்தது, வாலை முறித்துக்கொண்டு கப்பல் தப்பிற்று. வயதும் ஒன்றே. வாளித் தண்ணீரிலே மீன்ரின்னையும் சிரட்டையையும் கொண்டு பாட்டனார் செய்து காட்டியதிலே பிழை ஒன்றும் இல்லை. தொட்டி தாழ்ந்தால் கப்பல் தாழவேண்டுவதில்லை. கப்பல் தானாகவே மிதக்க வல்லது என்பதைப் பதினான்கு வயதிலே ஆக்கிமிடீசை மேற்கோள் காட்டியவன் எண்ணிப் பார்க்கவில்லை. கட்டுரைக்காக வைத்திருந்த தாளிலே அவன் அக்கணக்கைச் செய்து பார்த்தான். கணக்கும் பாட்டனாரின் பக்கமே நின்றது. அப்பொழுதுதான், பொங்கலுக்கு மறுநாள் ஆடிய அந்தக் காது அவனுக்கு நினைவில் வந்தது. "நான் சொன்னது பொய்தான்" என்னும் வாக்கியத்திலேயே அது ஆடியது.

பாட்டனாரின் ஏனைய கதைகளையும் அவன் அதன்பின் தேடலானான். குண்டுபட்ட கப்பலொன்றைக் கொண்டு இறங்குதுறை கட்டினார்கள் என்றும், அதன்மேல் தாம் நடந்து வேலைக்குப் போனதாகவும் அவர் சொல்வதுண்டு. 1942இல் எரிந்த 'சகாயிங்' என்னும் கப்பலை 1943ஆம் ஆண்டு ஓகஸ்டிலே அத்துறைமுகத்தில் அமிழ்த்தி, இறங்குதுறையாகப் பயன்படுத்தியமை பதிவாகியுள்ளது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே இலங்கைக் கடற்படையினர் அதனை நீருக்கு மேலே கொணர்ந்தபோது, பத்திரிகையில் வந்த படத்தை, அறுபது வயதைக் கடந்துவிட்ட அப்பெயரன் வெட்டி வைத்துக்கொண்டான். கயிற்றுச் சுருளுக்குள் ஒளித்திருந்த வெள்ளைத்துரையைப் பற்றிய பதிவு மட்டும் எங்கும் அகப்படவில்லை. அதுவும் மெய்யாக இருத்தல் கூடும். கயிற்றுச் சுருளுக்குள் இருப்பவர்கள் நாட்குறிப்பு எழுதுவதில்லை.

1979ஆம் ஆண்டு விடுமுறைக்கு வீடு வந்தவன், அம்மம்மாவிடம் முதலிலே சொன்னது அந்நூலைப் பற்றியே. அவர் விறாந்தையிலே இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சாய்மனைக் கதிரை சுவரோடு சாத்தப்பட்டிருந்தது.

"அம்மம்மா, அம்மப்பா சொன்ன தொட்டிக் கதை மெய். புத்தகத்திலை கிடக்கு."

"அது எனக்குத் தெரியும்" என்றார் அவர், நிமிர்ந்து பாராமலே. "அண்டைக்குச் சோறு கட்டிக் குடுத்து அனுப்பினது நான்தானே. இரவு வந்து, சாப்பிடாமல் கிணத்தடியிலை குந்தியிருந்தார். தொட்டிக்கு முள்ளந்தண்டு முறிஞ்சு போச்சுது எண்டார்."

"பின்னை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நான் சொல்ல வெளிக்கிட்டனான். அவர்தான் வேண்டாம் எண்டவர். பெடியன் இப்பதான் படிக்கத் துவங்கியிருக்கிறான், அவன்ரை கணக்கைக் குழப்பாதை எண்டவர். ஒருநாளைக்குத் தானாய்க் கண்டுபிடிச்சு ஓடிவருவான், அப்ப ஒரு சிரிப்புச் சிரிக்கவேணும் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர்."

அவர் ஒரு தண்டை முறித்து, இலைகளைச் சுளகிலே உதிர்த்தார். பெயரன் ஒன்றும் பேசவில்லை. தெருவிலே மீன்காரனின் கூவல் கேட்டு, தூரப் போய்த் தேய்ந்தது.

சிறிது நேரஞ் சென்றபின் அம்மம்மா கேட்டார்: "அந்தப் புத்தகத்திலை அவருடைய பேரும் கிடக்கோ?"

நூலிலே கப்பலின் பெயர் இருந்தது. தொட்டியின் இலக்கம் இருந்தது. பொறுப்பாயிருந்த அதிகாரிகள் விசாரிக்கப்பட்டமையும் இருந்தது. கயிறு இழுத்தவர்களின் பெயர்கள் அத்தகைய நூல்களில் இருப்பதில்லை. அவன் முற்றத்தைப் பார்த்தான்.

"கிடக்கு, அம்மம்மா."

"எத்தினையாம் பக்கத்திலை?"

"நூற்றிப் பதினேழாம் பக்கத்திலை."

கீரை ஆய்ந்த கை நின்றது. அவர் நிமிர்ந்து அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு முகத்தின் இடது பக்கத்தைச் சற்றுக் கூர்ந்து பார்த்தார். அந்தியேட்டிக்குப் பின் அவ்வீட்டிலே கேளாத சிரிப்பு அவரிடமிருந்து மெல்லத் தொடங்கி, தோள்கள் குலுங்கும்வரை வந்தது. முந்தானையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் சுளகை இழுத்து மடியில் வைத்தார்.

"பொய் சொல்லுறதெண்டால் முதலிலை காதை ஆட்டப் பழகு" என்றார்.